சூப்பு வரும் அத்தியாயம்

செவ்வாய், வியாழன், சனி.
அங் மோ கியோவில் புளோக்கின் கீழ்த்தளத்தில்
பதினான்கு நாற்காலி. என்னுடையது ஒன்பதாவது.
இடது கையை நீட்டிக் கொடுத்துவிட்டால்
நான்கு மணி நேரத்துக்கு அது எனக்குச் சொந்தமில்லை.
மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால்
ஆயிரத்து நூறு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்,
தெரியும்.

அதனால் காது.

ஐம்பத்திரண்டு மணி, பதினேழு நிமிடம்.
வகுத்துப் பார்த்தேன்:
பதின்மூன்று முறை ரத்தம் வெளியே போய்த் திரும்பினால்
கதை முடியும். மீதிப் பதினேழு நிமிடம்
வீட்டுக்குப் போகிற பேருந்துக்கு.

கொழுந்தன் முகுந்தன் சொன்னார்:
ஆறு மணி நேரத்தில் முடிகிற சுருக்கம் இருக்கிறதே, அண்ணி.
யார் சாகிறார், யார் முடி சூடுகிறார், எல்லாம் உண்டு.

யார் சாகிறார் என்று தெரிந்துகொள்ளவா
இங்கே வந்து படுத்திருக்கிறேன்?

இருந்தாலும் ஐந்து நிமிடம் கேட்டேன்.
அதற்குள் படை ஆற்றைக் கடந்துவிட்டது.
படகோட்டி எங்கே?
என் பதிப்பில் அவனுக்கு நாற்பது நிமிடம்.
ஒற்றைக் காது ஆடு ஒன்று வளர்க்கிறான்,
இளவரசனிடமே கூலிக்கு மல்லுக்கட்டுகிறான்,
அக்கரையில் இறக்கிவிட்டுப் போனவன்
அப்புறம் வரவே இல்லை.
கதைக்கு அவனால் காலணா பிரயோஜனம் கிடையாது.
அவன் இல்லாமல் எப்படிக் கடந்தார்கள்,
நீந்தியா?

வாசிப்பவன் ஒரே ஆள்.
அரசியும் அவன், அவள் குதிரையும் அவன்.
முப்பத்தோராம் அத்தியாயத்தில் அவனுக்குச் சளி;
யாரும் வெட்டவில்லை.
அரக்கன் மூக்கடைத்தபடி உலகத்தை மிரட்டினான்.
அன்றுதான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

வெளியே ஆங்கிலம்தான்.
என் மண்டைக்குள் இறங்குவதற்குள்
டிராகனுக்குத் தமிழ் வந்துவிடுகிறது,
அதுவும் தேக்கா மார்க்கெட் தமிழ்.
‘என்னா லா, இவ்ளோ லேட்டா வர்றே’ என்று கேட்டுவிட்டு
ஒரு மாவீரனை எரித்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது
இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்கு.
சண்டை இல்லை, மந்திரம் இல்லை.
விருந்து மட்டும்.

எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.
மாத்திரைக்கு ஊற்றுவதும் அதில் அடக்கம்.
வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது,
ஐஸ் கட்டியைக்கூட எண்ணித்தான் வாயில் போடுகிறேன்.
அங்கே, மலைக்கோட்டை அடுக்களையில்,
எலும்புச் சூப்பு பதினொரு நிமிடம் கொதிக்கிறது.
கொழுப்பு மிதப்பது, ஒதுங்குவது,
அகப்பை விளிம்பில் துளி தயங்குவது,
ஒன்றையும் விடவில்லை, மகராசன்.
பிறகு பீப்பாய் உடைகிறது.
பேரிக்காய் மது. தேன் மது.
அப்புறம் பெயரே சொல்லாத பச்சை நிறத்தில் ஒன்று.
காது வழியே குடித்ததை
எடை மெஷின் காட்டுவதில்லை.

‘என்ன சிரிப்பு?’ என்றார்
எட்டாம் நாற்காலி ரொக்கையா.
‘மாபோக்’ என்றேன், தள்ளாடிக் காட்டினேன்.
அவருக்கும் முக்கால் லிட்டர்தான்.
சூப்பில் என்ன போட்டார்கள் என்று கேட்டார்.
எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில்
பூண்டு, மிளகு, மாட்டு வால், பார்லி என்று
ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன்.
இஞ்சி?
இல்லை.
‘இஞ்சி இல்லாமல் அது என்ன ராஜா வீடு’ என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் உட்காரும் முன்பே
‘அந்தச் சூப்பு, இன்னொரு தடவை’ என்றார்.

பதின்மூன்று என்ற கணக்கு தப்பிவிட்டது.
இது பத்தொன்பதாவது முறை.
எதிரிப் படை கோட்டை வாசலில் இன்னும் நிற்கிறது,
கால் மாற்றி மாற்றி.
என் மெஷின் கூவுகிறது,
நர்ஸ் ஜோவெலின் கையுறை மாட்டிக்கொண்டு வருகிறாள்.

கொஞ்சம் இரும்மா.
இன்னும் பூண்டே போடவில்லை.